கோடையில் பூட்டிக் கிடந்த கடற்கரை

அன்புள்ள ஐயா,

பிரான்சின் தென்கடற்கரை பற்றிய உங்கள் கட்டுரையில், நீஸ் நகரத்துப் பெரிய ஹோட்டல்கள் ஒரு காலத்தில் கோடையில் பூட்டிக் கிடந்தன என்று ஒரு வரி வருகிறது. கடற்கரைக்குக் கூட்டம் வருவதே கோடையில்தானே? கைப்பிழையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

பிழை இல்லை. சீமான்கள் அந்தக் கரைக்குப் போனது கடலில் குளிக்க அல்ல, வடக்கின் குளிருக்குத் தப்பிக்க. அக்டோபர் வாக்கில் வருவார்கள், வெயில் ஏறுவதற்குள் மூட்டை கட்டிவிடுவார்கள்.

வந்தவர்களில் பலர் நோயாளிகள். 1763இல் நீஸுக்கு வந்த டோபியாஸ் ஸ்மாலெட் மருத்துவர், நாவலாசிரியர், நெஞ்சு நோயால் அவதிப்பட்டவர். மே மாதத் தொடக்கத்தில் அவர் கடலில் இறங்கியபோது ஊரே திகைத்தது. ஆள் இதோடு முடிந்தார் என்று மருத்துவர்கள் சிலர் சொன்னார்களாம். மூச்சு லேசானதாக அவரே எழுதிவைத்திருக்கிறார்.

கான் நகரத்தின் கதை என்னை இன்னும் உலுக்குவது. 1834இல் இங்கிலாந்தின் முன்னாள் லார்ட் சான்சலர் (நீதித்துறையின் தலைமைப் பதவி) ப்ரூம் பிரபு, நோயாளி மகளோடு இத்தாலிக்குக் கிளம்பினார். காலரா பரவிய நேரம். வார் நதிக்கு அந்தப் பக்கம் சார்டீனிய அரசின் நிலம், நீஸும் அவர்களுடையதுதான். எல்லைக் காவலர்கள் விடவில்லை. திரும்பி வந்து, கான் என்ற மீனவர் ஊரில் தங்கினார். ஊர் பிடித்துப்போய் மனை வாங்கி வீடு கட்டி, அதற்கு மகள் பெயரையே வைத்தார். மகள் 1839இல் இறந்துவிட்டாள். அவரோ தொடர்ந்து அங்கே வந்து தங்கி, 1868இல் அங்கேயே கண்மூடினார். அவரைப் பார்த்துத்தான் ஆங்கிலேயப் பிரபுக்கள் அங்கே வீடு கட்ட ஆரம்பித்தார்கள்.

1860இல் நீஸ் பிரான்சோடு சேர்ந்தது, 1864இல் ரயில் வந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்! ரஷ்ய அரச குடும்பமே வந்தது. அவர்களுக்கும் துக்கம்தான் காத்திருந்தது: பட்டத்து இளவரசர் நிக்கோலஸ் 1865இல் நீஸில் இறந்தார், வயது 21. பக்கத்துக் குட்டி நாடான மொனாக்கோவில் சூதாட்ட விடுதி கொழித்ததில் 1869இல் குடிமக்களுக்கு நேரடி வரியே ரத்தானது. விக்டோரியா ராணிக்காக 1897இல் எழுந்த ரெஜினா ஹோட்டலைப் பாருங்கள், அது கரையில் இல்லை, சிமியே குன்றின் மேல் இருக்கிறது. மணலில் படுத்து வெயில் காய்வது அன்று யார் நினைப்பிலும் இல்லை. வெயிலில் கறுப்பது கூலி வேலை செய்பவர்களின் அடையாளம்.

அது மாறியது 1920களில். 1923 கோடையில் ஜெரால்ட், சாரா மர்ஃபி என்ற அமெரிக்கத் தம்பதி, அதே கரையில் ஆன்டீப் முனையில் உள்ள ஓட்டல் டியூ காப்பைத் தங்களுக்காக மூடாமல் வைக்கச் சொன்னார்கள். ஜெரால்ட் அருகிலிருந்த லா கரூப் கரையில் குவிந்திருந்த கடற்பாசியை வாரி வாரிப் போட்டு, மணலைத் தானே சுத்தம் செய்தார். 1936இல் பிரான்சில் சம்பளத்தோடு இரண்டு வார விடுப்பு சட்டமானது, தொழிலாளர் குடும்பங்களும் மலிவு ரயில் டிக்கெட்டில் கடல் பார்க்க வந்தார்கள். எனக்கு இந்தக் கதையிலேயே பிடித்த இடம் அதுதான்.

மெந்தோன் ஊரில் பழைய கோட்டை மேட்டின் கல்லறைத் தோட்டத்தில், காசநோய்க்கு வைத்தியம் தேடி வந்து வீடு திரும்பாத பலர் கடலைப் பார்த்தபடி உறங்குகிறார்கள். அந்தப் பத்தியை என் கட்டுரையில் விட்டுவிட்டேன். அடுத்த திருத்தத்தில் சேர்த்துவிடுகிறேன், கோடை வரியும் அப்படியே இருக்கட்டும்.