கால்சியம் ரியாக்டரில் பி.எச். 6.5 சரியாகக் காட்டுகிறது, ஆனாலும் தொட்டியில் ஆல்கலினிட்டி இறங்கிக்கொண்டே போகிறது. எங்கே கோளாறு?

நீங்கள் எழுதியதிலிருந்து எனக்குப் புரிந்தது இது: 300 லிட்டர் கடல்நீர்த் தொட்டி, நிறைய கல் பவளங்கள். கார்பன் டை ஆக்சைடு கேஸால் தண்ணீரை அமிலமாக்கி, மீடியா என்னும் சுண்ணாம்புத் துகள்களைக் கரைத்துத் தொட்டிக்கு அனுப்பும் கால்சியம் ரியாக்டர்தான் அவற்றுக்குத் தீனி. இரண்டு வாரத்தில் ஆல்கலினிட்டி (தண்ணீரில் கரைந்த கார்பனேட், பைகார்பனேட் அளவு, அதன் அலகு டி.கே.எச்.) 8.5 டி.கே.எச்.சிலிருந்து 6.9க்கு இறங்கிவிட்டது. கேஸைத் திறந்து மூடும் கன்ட்ரோலரில் பி.எச். 6.5, கேஸ் குமிழி வருகிறது, மீடியாவும் பாதிக்கு மேல் இருக்கிறது. கால்சியம் 420இலேயே நிற்பதால் ரியாக்டர் வேலை செய்வதாகத்தான் நினைக்கிறீர்கள்.

அந்தக் கால்சியம் அளவை நம்பி உட்கார வேண்டாம். பவளம் எலும்புக்கூடு கட்டும்போது 1 டி.கே.எச். குறைந்தால் கால்சியம் ஏறக்குறைய 7 பி.பி.எம்.தான் குறையும். உங்கள் 1.6க்குச் சுமார் 11 பி.பி.எம்.தான் வரும். வீட்டுச் சோதனைக் கிட்டின் பிழையே அவ்வளவு இருக்கும். 420 என்று படித்தது உண்மையில் 410ஆக இருந்தாலும் உங்களுக்குத் தெரியப்போவதில்லை. ரியாக்டர் தடுமாறினால் முதலில் காட்டிக்கொடுப்பது ஆல்கலினிட்டிதான்.

இன்னொன்று, குமிழி எண்ணிக்கையை இன்றைக்குத் தொடாதீர்கள். இதே நிலையில் நான் முதல் வேலையாக அதைத்தான் ஏற்றினேன். போதவில்லை என்று செட் பாயின்டையும் (கன்ட்ரோலர் பிடித்துவைக்க வேண்டிய பி.எச்.) 6.2க்கு இறக்கினேன். ஒரே வாரத்தில் மீடியா கரைத்த மாவு மாதிரி ஆகி, அடியில் சேறாகப் படிந்து, பம்பையும் அடைத்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாளியும் கையுமாகப் போயிற்று. கடைசியில் பார்த்தால் கோளாறு கேஸில் இல்லவே இல்லை. வெளியே வரும் குழாயின் குட்டி வால்வில் வெள்ளையாகச் சுண்ணாம்பு கட்டியிருந்தது.

அதனால்தான் சொல்கிறேன், 6.5 என்பது ரியாக்டரின் அறைக்குள் இருக்கும் தண்ணீரின் நிலை மட்டுமே. தொட்டிக்கு எவ்வளவு போகிறது என்பதை அது சொல்லாது. வெளியேறும் பாதை அடைத்துத் தண்ணீர் பாதியாகக் குறைந்தாலும் கன்ட்ரோலர் கேஸைக் குறைத்து அதே 6.5ஐப் பிடித்துவைத்துக்கொள்ளும். திரையில் எல்லாம் நலமாகத் தெரியும், தொட்டி மட்டும் பட்டினி கிடக்கும்.

எனவே இரண்டை அளந்து பாருங்கள். ஒன்று, ரியாக்டரிலிருந்து வரும் தண்ணீர் நிமிடத்துக்கு எத்தனை மில்லி. ஒரு அளவுக் குவளையும் ஸ்டாப்வாட்சும் போதும். சொட்டு எண்ணுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, சொட்டின் பருமன் குழாய்க்குக் குழாய் மாறும். இரண்டாவது, அந்தத் தண்ணீரின் ஆல்கலினிட்டி. அது கிட்டின் எல்லையைத் தாண்டினால், பாதிக்குப் பாதி ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீர் (உப்பெல்லாம் நீக்கிச் சுத்திகரித்தது) கலந்து சோதித்து, வந்த விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கணக்கு. உங்கள் பவளங்கள் ஒரு நாளைக்கு 1.2 டி.கே.எச். தின்பதாக வைத்துக்கொள்வோம். (ரியாக்டரை ஒரு நாள் நிறுத்தி, முன்னும் பின்னும் அளந்தால் உங்கள் உண்மையான எண் கிடைக்கும்.) 300 லிட்டருக்கு 360 அலகு (லிட்டர் × டி.கே.எச்.) வேண்டும். வெளிவரும் தண்ணீர் 28 டி.கே.எச்., தொட்டி 8 என்றால் ஒவ்வொரு லிட்டரும் 20 அலகு கொண்டுவருகிறது. ஆக ஒரு நாளைக்கு 18 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 12.5 மில்லி. நீங்கள் அளந்தது 6 அல்லது 7 என்று வந்தால் மேலே தேட வேண்டியதில்லை. வால்வையும் குழாயையும் வினிகரில் ஊறவைத்துக் கழுவுங்கள். அப்புறம் கையில் காசு இருக்கும்போது, தொடர்ந்து ஓடும் பெரிஸ்டால்டிக் பம்ப் (குழாயை அழுத்தி அழுத்தி அளவாகத் தண்ணீர் தள்ளுவது) ஒன்று வாங்கிவிடுங்கள். இந்தச் சாதனத்துக்கு நான் செய்த செலவிலேயே உருப்படியானது அதுதான்.

ஓட்டம் சரியாக இருந்து, வெளிவரும் தண்ணீர் மட்டும் 12, 14 என்று நீர்த்து வந்தால் சந்தேகம் ப்ரோப் மேல், அதாவது பி.எச். அளக்கும் உணரி மேல் போகிறது. உண்மையில் 6.9 இருக்கும்போது ப்ரோப் 6.5 என்று படித்தால், கன்ட்ரோலர் சோலனாய்டை (கேஸ் வால்வை) சீக்கிரமே மூடிவிடும், மீடியா கரையாது. ப்ரோபை வெளியே எடுத்துக் கழுவி, பி.எச். 7, 4 ஆகிய பஃபர் கரைசல்களில் அளவுத்திருத்தம் செய்யுங்கள். தொட்டி ப்ரோபுக்குப் பயன்படுத்தும் 7, 10 ஜோடி இங்கே உதவாது, நாம் வேலை செய்வது 7க்குக் கீழே. ஒன்றரை வருடம் தாண்டிய ப்ரோப் என்றால் திருத்திக்கொண்டிருக்காமல் மாற்றிவிடலாம்.

அறையின் மேல்பக்கம் கேஸ் தேங்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பம்ப் கடகடவென்று சத்தம் போட்டால் பெரும்பாலும் அதுதான். மேல் மூடியைக் கொஞ்சம் தளர்த்தினால் வெளியேறிவிடும். திரும்பத் திரும்பத் தேங்கினால் உள்ளே வரும் பக்கத்தில் அடைப்பு இருக்கலாம், பம்புக்குப் போதுமான தண்ணீர் வராமல் உள்ளே அழுத்தம் குறைகிறது. கேஸ் சிலிண்டரின் அழுத்த மானியைப் பார்த்து எவ்வளவு மீதி என்று கணிக்காதீர்கள். உள்ளே திரவம் இருக்கும்வரை முள் கிட்டத்தட்ட ஒரே இடத்தில்தான் நிற்கும், திரவம் தீர்ந்ததும் மளமளவென்று இறங்கும். எடை போட்டுப் பார்ப்பதே வழி.

தொட்டியின் உப்புத்தன்மை, மக்னீசியம் இரண்டையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். மக்னீசியம் 1300ஐ ஒட்டி இருந்தால் அதைப் பற்றிக் கவலை இல்லை.

சரி, கோளாறைக் கண்டுபிடிக்கும்வரை பவளங்களைக் காப்பாற்ற வேண்டுமே. சுத்தமான சமையல் சோடா 9 கிராம், ஆர்.ஓ.டி.ஐ. தண்ணீரில் கரைத்துச் சம்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) மெதுவாக ஊற்றினால் 300 லிட்டரில் சுமார் 1 டி.கே.எச். ஏறும். பேக்கிங் பவுடர் கூடாது, அது வேறு பொருள். ஒரே நாளில் 1க்கு மேல் ஏற்ற வேண்டாம். 6.9இல் இருக்கும் பவளம் ஒரு வாரம் தாக்குப்பிடிக்கும், திடீரென்று 9க்குத் தூக்கினால் நுனி வெளுக்க ஆரம்பித்துவிடும். அளந்த இரண்டு எண்களையும் கீழே எழுதுங்கள், மிச்சத்தைச் சேர்ந்து பார்ப்போம்.