முகாமுக்குப் பிறகு பிரஷர் குறைந்தது: முகாமால்தானா?

கேள்வி: மன்னார்குடி பக்கத்துக் கிராமத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் நற்பணி மன்றம் மார்கழியில் பிரஷர் முகாம் நடத்தியது. மேல் அளவு 160-ஐத் தாண்டிய 40 பேரை ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அனுப்பினோம். சித்திரையில் மறுபடி கூப்பிட்டதில் 25 பேர் வந்தார்கள். அவர்களுடைய சராசரி 168-லிருந்து 152-க்கு இறங்கியிருக்கிறது. முகாமின் பலன் என்று ஆண்டறிக்கையில் போடலாமா?

பதில்: அப்படியே போட வேண்டாம். நீங்கள் செய்தது நல்ல வேலை. ஆனால் இறங்கிய 16 புள்ளியில் முகாமின் பங்கு எவ்வளவு என்பதை இந்தக் கணக்கு சொல்லாது.

பிரஷர் ஒரே ஆளுக்கே வேளைக்கு வேளை மாறும். அன்றைக்கு அதிகம் இருந்தவர்களை மட்டும் நீங்கள் பிரித்தெடுத்தீர்கள். அவர்களில் சிலருக்கு எப்போதுமே அதிகம். வேறு சிலருக்கு வெயிலில் வேகமாக நடந்து வந்ததாலோ, சற்றுமுன் குடித்த காபியாலோ, பதற்றத்தாலோ அன்று ஏறியிருக்கும். இவர்களை மறுபடி அளந்தால் மாத்திரையே இல்லாமலும் குறைவாகத்தான் காட்டும். 17,354 பேரை வைத்து பிரிட்டனில் நடந்து 1985-இல் வெளியான பெரிய ஆய்வில், ஒப்பிடுவதற்காகக் கொடுத்த, மருந்தே இல்லாத போலி மாத்திரையைச் சாப்பிட்டவர்களுக்கும் பிரஷர் இறங்கியது. ஒப்பிட அந்தக் குழு இருந்ததால்தான் மருந்தின் பங்கு தனியே தெரிந்தது. உங்களிடம் அந்த ஒப்பீடு இல்லை.

பருவமும் சேர்ந்துகொள்கிறது. பொதுவாகக் குளிர்காலத்தில் பிரஷர் சற்று ஏறும், கோடையில் இறங்கும். மார்கழியில் அளந்தவரை அடுத்த மார்கழியிலும் அளந்து பாருங்கள்.

என்னை அதிகம் உறுத்துவது வராத 15 பேர். திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார்களா, மாத்திரையை நிறுத்திவிட்டார்களா, பக்கவாதத்தில் படுத்திருக்கிறார்களா? வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். வந்த 25 பேரில் 10 பேருக்கு 140/90-க்குக் கீழே வந்திருந்தால் 40 சதவீதம் என்று எழுதத் தோன்றும். அனுப்பிய 40 பேரை வைத்து வகுத்தால் 25 சதவீதம்தான். இரண்டாவதை எழுதுங்கள்.

அடுத்த தடவை, ஐந்து நிமிடம் உட்கார வைத்து இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். அக்கம்பக்கத்து ஊர்கள் ஏழெட்டைச் சேர்த்துக்கொண்டு எல்லா ஊரிலும் ஒரே வாரத்தில் முகாம் வையுங்கள். அதிகம் உள்ளவர் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் சிகிச்சைக்கு அனுப்பியே ஆக வேண்டும், அதில் பரிசோதனை கூடாது. மாதாமாதம் வீட்டுக்குப் போய் மாத்திரையை நினைவூட்டும் வேலையை மட்டும் குலுக்கல் முறையில் பாதி ஊர்களில் முதலில் தொடங்குங்கள். மற்ற ஊர்களுக்கு அடுத்த வருடம். அந்த இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தை முகாமின் பலன் என்று சொல்ல முடியாவிட்டாலும், நினைவூட்டலின் பலன் என்று தைரியமாகச் சொல்லலாம்.

பக்கவாதம் குறைந்தது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அதே பிரிட்டன் ஆய்வில், லேசான பிரஷர் உள்ள 850 பேர் ஒரு வருடம் மருந்து சாப்பிட்டால் சுமார் ஒரு பக்கவாதம் தவிரும் என்று கண்டார்கள். உங்கள் ஆட்களுக்குப் பிரஷர் அதைவிட அதிகம், பலனும் அதிகம் இருக்கும். ஆனாலும் 40 பேரில் ஒரே வருடத்தில் அது கண்ணுக்குத் தெரியாது. இந்த வருட அறிக்கைக்கு, அனுப்பிய 40 பேரில் இன்றும் மாத்திரையைத் தொடர்பவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணே போதும்.