மஞ்சள் வார்னிங் வந்தா மேப் போயிடுமா?

கேள்வி: அண்ணே, நம்ம பக்கம் படகு நிக்கிற இடம், ஏலம் விடுற இடம், ஐஸ் கம்பெனி எல்லாத்தையும் கூகுள் மேப்ல குறிச்சு சின்னதா ஒரு வெப்சைட் போட்டிருக்கேன். இப்ப பிரவுசர் கன்சோல்ல (எச்சரிக்கை காட்டுற இடம்) மார்க்கர், அதாவது இடத்த குறிக்கிற அந்த அடையாளம், டெப்ரிகேட்டட்னு மஞ்சளா வருது. நாளைக்கே மேப் காலியாயிடுமா?
- ஒரு வாசகர், பாம்பன்

பதில்: பதறாதீங்க தம்பி. டெப்ரிகேட்டட்னா இனி புதுசா இத வச்சு எழுதாதன்னு அர்த்தம், தூக்கியாச்சுன்னு இல்ல. 2024 பிப்ரவரி 21-ல, வெப்சைட்ல மேப் காட்டுற கூகுள் கோடோட 3.56 வெர்ஷன்ல கூகுள்காரங்க பழைய மார்க்கர ஓரங்கட்டுனாங்க, நிறுத்துறதுக்கு முன்னாடி குறைஞ்சது 12 மாசம் நோட்டீஸ் தருவோம்னும் சொல்லியிருக்காங்க. உங்க ஊரு பாலத்துல பழசுல ரயில் நின்னது 2022 டிசம்பர், புதுசு தொறந்தது 2025 ஏப்ரல், நடுவுல ராமேஸ்வரத்துக்கு ரயிலே இல்ல, ஆனா இங்க புதுசு வந்து பழசும் பக்கத்துலயே ஓடுது, அதனால நிதானமா மாறலாம்.

புதுசு பேரு அட்வான்ஸ்டு மார்க்கர் எலிமெண்ட். இதுக்கு மேப் ஐடி (உங்க மேப்புக்குன்னு கூகுள் கிளவுட்ல எடுக்குற அடையாளக் குறி) கண்டிப்பா வேணும், நெறைய பேரு இங்கதான் மாட்டிக்கிட்டு மார்க்கரே தெரியலன்னு முழிக்கிறாங்க (நானும் ஒரு ராத்திரி முழிச்சேன்). மார்க்கர் லைப்ரரியையும் (மார்க்கருக்கான கோடு தொகுப்பு) தனியா லோடு பண்ணணும். அப்புறம் மார்க்கரோட இடத்த மாத்த செட்பொசிஷன்லாம் கூப்பிட வேணாம், பொசிஷனுக்கு நேரா மதிப்பு கொடுத்தா போதும். படகு ஐகான் வச்சிருந்தீங்கன்னா அத ஒரு இமேஜ் எலிமெண்ட்டா மார்க்கரோட கன்டென்ட்ங்கிற பண்புல கொடுங்க. மொதல்ல ஐஸ் கம்பெனி மார்க்கர் ஒண்ண மட்டும் மாத்திப் பாருங்க, சரியா வந்தா மிச்சம் அரை நாள் வேலைதான்.