மாத்திரையைப் பாதியில் நிறுத்தினால் வயிற்றுக் கிருமி போகுமா?

கேள்வி: டாக்டர், நாங்கள் மும்பை தாராவியில் இருக்கிறோம். என் கணவருக்கு ரொம்ப நாளாக வயிற்றெரிச்சல், ராத்திரி எழுந்து உட்கார்ந்து பச்சைப்பால் குடிப்பார். எண்டோஸ்கோபியில் அல்சரும் ஹெச். பைலோரி கிருமியும் இருப்பதாகச் சொல்லி பான்டோப்ரசோல், கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் மூன்றையும் 14 நாளைக்கு எழுதித் தந்தார்கள். வாய் கசக்கிறது என்று ஒரு வாரத்திலேயே நிறுத்திவிட்டார். இப்போது மறுபடி எரிச்சல். பழைய சீட்டைக் காட்டி அதையே வாங்கலாமா? வடாபாவும் டீயும்தான் காரணம் என்கிறார் மாமியார். குழந்தைகளுக்கு ஒட்டுமா?

பதில்: பழைய சீட்டோடு மெடிக்கலுக்குப் போகாதீர்கள். பாதியில் நிறுத்தியபோது பிழைத்த கிருமிகள் கிளாரித்ரோமைசினுக்குப் பழகியிருக்க வாய்ப்பு அதிகம், அதனால் அதே மருந்தை மறுபடி கொடுப்பதில் பயனில்லை. இப்படித் திரும்பி வருகிறவர்களுக்குப் பொதுவாக வேறு கூட்டுதான் கொடுப்போம்: அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை, பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், நான்கும் சேர்த்து 14 நாள்.

இத்தனை மாத்திரை எதற்கு என்று அவர் கேட்பார், கேட்கட்டும். இந்தக் கிருமி யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றி அமிலத்தைத் தணித்துக்கொண்டு, இரைப்பையின் சளிப்படலத்துக்குள் பதுங்கியிருக்கும். அங்கே ஒரே ஆன்டிபயாடிக்கால் அதை ஒழிக்க முடியாது, அமிலம் அதிகமாக இருந்தால் சில ஆன்டிபயாடிக்குகள் சரியாக வேலை செய்வதும் இல்லை. 'கேஸ் மாத்திரைதானே' என்று பலர் விட்டுவிடுகிற பான்டோப்ரசோல் எரிச்சலுக்கு மட்டும் இல்லை, மற்ற மருந்துகள் வேலை செய்யவும் அதுதான் வழி பண்ணுகிறது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னால் போடச் சொல்லுங்கள்.

அப்புறம் அந்தப் பால். டெட்ராசைக்ளினைப் பாலோடு விழுங்கினால் அதிலுள்ள கால்சியம் மருந்தைப் பிடித்துக்கொள்ளும், உடம்பில் சேராது. பாலுக்கும் மாத்திரைக்கும் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், இரும்புச்சத்து மாத்திரைக்கும் அப்படியே. மெட்ரோனிடசோல் சாப்பிடும் நாட்களில் மது கூடவே கூடாது. வாய் கசப்பது இந்த முறையும் இருக்கும், பிஸ்மத்தால் மலம் கறுப்பாகப் போகும், இரண்டுக்கும் பயந்து நிறுத்த வேண்டாம். ஆனால் பிஸ்மத் சாப்பிடாதபோது தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ, ரத்த வாந்தி எடுத்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். சயான் மாநகராட்சி மருத்துவமனை உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மாமியார் சொல்வதைத்தான் ஒரு காலத்தில் டாக்டர்களும் சொன்னார்கள், காரமும் கவலையும்தான் அல்சர் என்று. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982இல் இந்தக் கிருமியை வளர்த்துக் காட்டியும் பலர் நம்பவில்லை. 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தானே குடித்து, இரைப்பை அழற்சியை வரவழைத்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு. வடாபாவ் எரிச்சலைக் கூட்டலாம், இந்த அல்சருக்கு அது வேர் இல்லை. முதுகுவலிக்கு டைக்ளோபினாக், ஐபுப்ரோபென் மாதிரி ஏதாவது போடுகிறாரா என்று கேளுங்கள், அல்சருக்கு அடுத்த பெரிய காரணம் அதுதான். புகையும் புண்ணை ஆறவிடாது.

குழந்தைகளைப் பற்றி: இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே பரவுகிறது. இருக்கிறவர்களில் பெரும்பாலானோருக்குத் தொந்தரவே வராது. அதனால் நன்றாகச் சாப்பிட்டு விளையாடுகிற பிள்ளைகளுக்குப் பரிசோதனை வேண்டாம். கை கழுவட்டும், அது போதும்.

மாத்திரை முடிந்து நான்கு வாரம் கழித்து மூச்சுப் பரிசோதனையோ மலப் பரிசோதனையோ கட்டாயம் செய்ய வேண்டும், அதற்கு முன் இரண்டு வாரம் பான்டோப்ரசோலை நிறுத்தியிருக்க வேண்டும். எரிச்சல் நின்றதை வைத்துக் கிருமி போய்விட்டது என்று முடிவு செய்யவே கூடாது. போன தடவை அவர் செய்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

கேள்வி: செம்பூரிலிருந்து எழுதுகிறேன். ஹெச். பைலோரிக்கு முழுக் கோர்ஸும் முடித்தேன். ஆனால் ரத்தப் பரிசோதனையில் இன்னும் 'பாசிட்டிவ்'. மறுபடி மாத்திரையா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ரத்தத்தில் பார்ப்பது கிருமியை இல்லை, அதற்கு எதிராக உங்கள் உடம்பு தயாரித்த எதிர்ப்பொருளை. கிருமி ஒழிந்து மாதங்கள், சிலருக்கு வருடங்கள் ஆனாலும் அது இருக்கும். மலத்திலோ மூச்சிலோ பார்த்து, அதிலும் பாசிட்டிவ் என்று வந்தால் மட்டும் அடுத்த மருந்தைப் பற்றிப் பேசலாம்.