லேடிலில் ஆர்கான் கலக்கல்: கணினி மாதிரி தரும் கலவை நேரம் ஏன் ஆலையில் வருவதைவிடக் குறைவாக இருக்கிறது?

லேடில் என்பது உருகிய எஃகு வைக்கும் பெரிய பாத்திரம்; அதன் அடியிலிருந்து ஆர்கான் வாயுவை ஊதி எஃகைக் கலக்குகிறார்கள். முதலில் வாயு அளவைப் பாருங்கள். ஃப்ளோமீட்டர் காட்டுவது 0 டிகிரி, 1 வளிமண்டல அழுத்தக் கணக்கு. 1600 டிகிரியில் ஆர்கான் ஏறத்தாழ 6.9 மடங்கு விரியும். ஆனால் 3 மீட்டர் எஃகுத் திரவத்தின் அடியில் அழுத்தமும் 3 மடங்கு என்பதால், பிளக் (ஆர்கான் நுழையும் அடித்துளைக் கல்) வாயில் 2.3 மடங்குதான்; மிச்ச விரிவு மேலே ஏறும்போது. மாதிரியில் வாயுவின் அடர்த்தியை மாறிலியாகக் கொடுத்தால் மிதப்பு விசையே தப்பாகிவிடும்.

குமிழிகளை லக்ராஞ்சு முறையில் (ஒவ்வொன்றின் பாதையையும் தனியாகக் கணக்கிட்டு) பின்தொடர்ந்தால் கொந்தளிப்புச் சிதறலை, அதாவது சுழல்கள் குமிழிகளைப் பக்கவாட்டில் பரப்புவதை, சேர்க்க வேண்டும். இல்லையேல் குமிழித் தூண் ஒல்லியாகி, மையத்தில் வேகம் எகிறும். எஃகின் மேல் மிதக்கும் கசடு அடுக்கை மாதிரியில் சேர்க்காமல் விட்டாலும் மேற்பரப்பு வேகம் மிகையாகும்.

கலவை நேரம் என்பது ட்ரேசரின் (கலப்பதை அளக்கச் சேர்க்கும் சுவடுப் பொருள்) செறிவு இறுதி மதிப்பின் ±5 சதவீதத்துக்குள் நிலைக்கும் நேரம். அளவீட்டுப் புள்ளியைத் தூணருகே வைத்து அழகான எண் வாங்குவது வழக்கமான ஏமாற்று; பிளக்குக்கு எதிர்ப்பக்க அடிமூலையிலும் ஒன்று வையுங்கள்.