துருசு உரமா, மருந்தா?

கேள்வி: குமரி மாவட்டம் குலசேகரம் பக்கம் எங்களுக்கு ஒரு சிறிய விளை (தோட்டம்) இருக்கிறது. தெங்கில் நல்லமிளகுக் கொடி ஏற்றியிருக்கிறோம். சென்ற ஆடி மழையில் சில கொடிகள் இலை கறுத்து, கணுக்கணுவாகக் கழன்று பட்டுப்போயின. ஒரு தென்னையில் குருத்தும் அழுகத் தொடங்கியிருக்கிறது. "துருசு வாங்கி மூட்டில் (செடியின் அடியில்) போடுங்கள், நோயும் போகும், சத்தும் சேரும்" என்று உரக்கடையில் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: மூட்டில் அள்ளிப் போடாதீர்கள் அம்மா. துருசு என்கிற மயில்துத்தத்தில் (காப்பர் சல்பேட்) ஏறத்தாழ கால் பங்கு செம்பு. பயிருக்குச் செம்பு தேவைதான். இலை உணவு தயாரிக்க அது வேண்டும். ஆனால் ஒரு கிலோ உலர்ந்த இலையில் இருப்பதே சில மில்லிகிராம். நம் மேற்குப் பகுதிச் செம்மண் புளிப்பு மண். அதில் செம்பு எளிதில் கரைந்து வேரைத் தாக்கும். மேலும், போட்ட செம்பு மழையில் அவ்வளவாக அடித்துக்கொண்டு போகாது. மேல்மண்ணிலேயே ஆண்டுக்கணக்கில் தங்கி மண்புழுவையும் கெடுக்கும். மண் பரிசோதனையில் செம்புக் குறை தெரிந்தால் மட்டும், அவர்கள் சொல்லும் அளவில் இடுங்கள்.

உங்கள் கொடியைக் கொன்றது பைட்டோப்தோரா என்னும், பூசணம் போன்ற நுண்ணுயிராகத்தான் இருக்க வேண்டும். அதன் வித்துகள் மழைநீரில் நீந்திப் பரவும். இலை மேல் செம்பு படிந்திருந்தால் அங்கேயே சாகும். உள்ளே நுழைந்துவிட்டால் செம்பால் ஒன்றும் ஆகாது. ஆகவே இது காப்பு, சிகிச்சை அல்ல. 1885இல் பிரான்சின் போர்டோ பகுதியில் மில்லார்டே என்ற அறிஞர் திராட்சைக்காக வெளியிட்ட துருசு, சுண்ணாம்புக் கலவையைத்தான் இன்றும் போர்டோ கலவை என்கிறோம்.

செய்முறையில் அவசரம் கூடாது. நூறு கிராம் துருசை ஐந்து லிட்டர் நீரில் கரையுங்கள். வேறொரு பாத்திரத்தில், அன்றைக்கு நீற்றிய நூறு கிராம் சுண்ணாம்பை ஐந்து லிட்டர் நீரில் கரைத்து வடிகட்டுங்கள். பிளாஸ்டிக் அல்லது மண்பாத்திரம்தான். இரும்பும் அலுமினியமும் ஆகாது. துருசுக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் ஊற்றிக் கலக்குங்கள், மாற்றி ஊற்றாதீர்கள். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் வைத்து எடுங்கள். செந்நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் இலை கருகும். பையில் பல மாதம் கிடந்த சுண்ணாம்புத் தூளை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். கலவையை அன்றே தெளித்துவிடுங்கள்.

முதல் தெளிப்பு வைகாசி, ஆனியில், மழை வலுக்கும் முன்னரே. அடுத்தது ஆவணி, புரட்டாசியில். நம் மாவட்டத்துக்கு ஐப்பசி மழையும் உண்டே, மழை நீண்டால் மூன்றாவது முறையும் தேவைப்படும். நோய் கண்ட விளையில் மூட்டுக்கு, லிட்டருக்கு இரண்டு கிராம் காப்பர் ஆக்சிகுளோரைடு என்ற செம்பு மருந்தைக் கரைத்து, கொடிக்கு ஐந்து முதல் பத்து லிட்டர் ஊற்றுங்கள். பட்ட கொடியை வேரோடு எடுத்து எரித்துவிடுங்கள். நோயை அடக்கும் நல்ல பூசணமான டிரைக்கோடெர்மா இடுகிறீர்கள் என்றால் இரண்டு, மூன்று வாரமாவது இடைவெளி விடுங்கள். செம்பு அதையும் கொல்லும்.

தென்னையில் அழுகிய குருத்தை நல்ல பகுதி தெரியும்வரை வெட்டி நீக்குங்கள். ஒரு லிட்டர் நீருக்கு நூறு கிராம் துருசு, நூறு கிராம் சுண்ணாம்பு சேர்த்த பசையை அங்கே தடவி, புதுக்குருத்து வரும்வரை மழை புகாமல் மூடி வையுங்கள். பக்கத்துத் தென்னைகளின் குருத்திலும் போர்டோ கலவையைத் தெளியுங்கள்.

இன்னொன்றையும் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன்: தெளிப்பானைக் குளத்திலோ கால்வாயிலோ கழுவாதீர்கள். துருசு மீனுக்கு நஞ்சு. தெளிக்கும்போது கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் கட்டாயம். நீலக்கட்டியைப் பார்த்துக் குழந்தைகள் ஆசையாக எடுப்பார்கள். மிச்சத்தைப் பூட்டி வையுங்கள்.