மடித்து வைத்த பட்டு

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தில் மில்டன் கீன்ஸில் வசிக்கிறேன். வயது 41. சிறு வயதிலிருந்தே கார்ப் பித்து. 2005-ஆம் வருடத்துப் பென்ட்லி கான்டினென்டல் ஜிடி ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. புதிதாக ஒரு சிறிய கார் வாங்கும் விலைதான் சொல்கிறார்கள். இப்போதிருக்கும் காரை விற்றுவிட்டு இதையே தினமும் ஓட்டலாமா? அல்லது ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு மட்டும் எடுத்துவிட்டு மற்ற நாட்களில் உறை போட்டு வைப்பதுதான் நல்லதா? அலுவலகம் மூன்று மைல்தான். பாதித் தொகைக்குக் கடன் வாங்க வேண்டியிருக்கும். "யானையைக் கட்டித் தீனி போடப் போகிறீர்களா?" என்கிறார் மாமனார். பெயர்தான் பென்ட்லி, உள்ளே வோக்ஸ்வேகன் என்றும் கேலி செய்கிறார். நீங்களும் ஒரு காலத்தில் ஜாகுவார் வைத்திருந்ததாக எழுதியிருந்தீர்கள். இப்படி ஆசைப்படுவது தவறா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கார் வாங்க எழுத்தாளனிடம் யோசனை கேட்கும் முதல் ஆள் நீங்கள். வேறொரு நாளாக இருந்தால் ஒரு வரி வாழ்த்தோடு முடித்திருப்பேன். ஆனால் உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். 1962-இல் எடுத்த கல்யாணப் புடவை, அரக்கு நிறக் காஞ்சிபுரம். அம்மா அதை நான்கு முறை உடுத்தியிருந்தால் அதிகம். வீணாகிவிடும், வீணாகிவிடும் என்று துணி சுற்றி வைத்திருந்தாள். என் மகள் கட்டில்மேல் விரித்தபோது மடிப்பு விழுந்த இடமெல்லாம் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டே வந்தது. உடல் முழுக்கப் புதிது, மடிப்பில் மட்டும் பொடி. அதே முகூர்த்தத்துக்கு எடுத்த தன் புடவையைச் சித்தி ஊர்க் கல்யாணங்களுக்கெல்லாம் கட்டிக்கொண்டு போவாள். அது இன்றும் உடுத்தும்படி இருக்கிறது. புடவையை அப்படியே மூடி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தால், உங்கள் கடிதத்தில் "உறை போட்டு" என்று இருக்கிறது. கோபம் வராமல் என்ன செய்யும்?

கடனை முதலில் முடித்துவிடுகிறேன். வேண்டாம். புதிதாக வந்தபோது அந்தக் காரின் விலை 1,10,000 பவுண்டு. இப்போது இறங்கியிருப்பது காரின் விலை மட்டும்தான். உதிரிபாகங்களுக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை. 12 சிலிண்டர், இரண்டு டர்போ, இரண்டரை டன்னுக்குச் சற்றுக் குறைந்த எடை, அதைத் தாங்குவதற்குக் காற்று சஸ்பென்ஷன். வயதான காற்றுப் பை இரவில் கசிந்தால் காலையில் கார் ஒரு பக்கமாக மண்டியிட்டு உட்கார்ந்திருக்கும். மாமனாரின் யானை அன்று ஒரு நாள் பொருந்தும். காருக்குக் கொடுக்கும் தொகையில் பாதியாவது கையில் தனியாக இருந்தால் வாங்குங்கள். இல்லையென்றால் இன்னும் இரண்டு வருடம் ஆசைப்பட்டுக்கொண்டிருங்கள். ஆசைக்குத் தீனிச் செலவு கிடையாது.

வோக்ஸ்வேகன் விஷயம் உண்மைதான். 1998-இல் அவர்கள் பென்ட்லியை வாங்கினார்கள். இந்தக் காரின் எலும்புக்கூடு வோக்ஸ்வேகனின் ஃபேட்டன் காரோடு பங்குபோட்டுக்கொண்டது. இருக்கட்டுமே. பதிவுத் தேதி 2006 மார்ச் 23-க்கு முந்தையதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், சாலை வரி உச்சத்துக்குப் போகாது. ஆசை சரியா தவறா என்பதற்குச் சாமியார்கள் இருக்கிறார்கள்.

என்னை உறுத்தியது நீங்கள் போகிற போக்கில் எழுதிய வரி. அலுவலகம் மூன்று மைல்தான்!

1997-இல் நான் கவன்ட்ரியில் ஒரு கணக்கு அலுவலகத்தில் இருந்தேன். அங்கே வாங்கியதுதான் அந்த ஜாகுவார், 1986-ஆம் வருடத்து எக்ஸ்ஜே-எஸ். அதே ஊரில், ஜாகுவாரின் பிரவுன்ஸ் லேன் தொழிற்சாலையில் பொருத்தி முடித்த வண்டி. 5.3 லிட்டர் எஞ்சின். லிட்டருக்கு 5 கிலோமீட்டர் ஓடினால் அன்று நல்ல நாள். கைப்பிரேக் ஓட்டுநர் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே இருக்கும். இழுத்துப் பூட்டிய பிறகும் படுத்துவிடும், பூட்டியிருக்கிறதா என்று பார்வைக்குத் தெரியாது. என் மனைவி ஓட்டிவிட்டு இறங்கும்போதெல்லாம் முந்தானை அதில் மாட்டும். முதல் வருடம் முழுவதும் தினமும் ஓட்டினோம். பெட்ரோலைத் தவிர எதுவும் கேட்கவில்லை.

இரண்டாம் வருடம் எனக்குப் புத்தி வந்தது. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவுவார்கள், துருப்பிடிக்கும் என்று பயந்து வாடகைக்கு ஒரு கொட்டகை பிடித்தேன். ஐந்து மாதம் உறைக்குள் வைத்தேன். ஞாயிறு தவறாமல் போய் உறையை விலக்கி, எஞ்சினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, துடைத்து, மூடிவிட்டு வருவேன். சாமிக்கு விளக்குப் போடுவது போல.

ஏப்ரலில் வெளியே எடுக்கப் போனால் பின் சக்கரங்கள் அசையவில்லை. அந்தக் காரில் பின் பிரேக் தட்டுகள் சக்கரத்தோடு இருக்காது, நடுவில், இரண்டு பின் சக்கரங்களுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரென்ஷியலை ஒட்டி ஒளிந்திருக்கும். ஈரத்தில் அப்படியே இறுகிப்போயிருந்தன. தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் வந்து அடியில் அரை நாள் கிடந்தார். எழுந்தவர் கையைக்கூடத் துடைக்காமல் எஞ்சின் ஆயில் மூடியைத் திருகி எடுத்தார். உட்புறத்தில், மோர் கடையும்போது மத்தில் ஒட்டுமே வெண்ணெய், அதுபோல வெளிர் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. விரலால் வழித்து என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வாரா வாரம் வந்து கொஞ்ச நேரம் ஓடவிட்டாயா?"

ஆமாம் என்றேன், பெருமையாக.

"அதற்குப் பதில் ஒரு குவளைத் தண்ணீரை இதற்குள் ஊற்றியிருக்கலாம். பெட்ரோலாவது மிச்சமாகியிருக்கும்."

காரின்மேல் ஒரு குற்றமும் இல்லை, எல்லாம் என் பக்தி. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. எஞ்சின் நன்றாகச் சூடேறியிருந்தால் அது ஆவியாகிப் புகைக்குழாய் வழியே போய்விடும். சூடேறாவிட்டால் கொஞ்சம் ஆயிலில் கலக்கும், கொஞ்சம் சைலன்சரில் தேங்கி உள்ளிருந்தே அரிக்கும். எஞ்சின் பெரிதாக இருந்தால் சூடேறவும் அதிக நேரம் வேண்டும். வெப்பமானியின் முள் நடுவுக்கு வந்துவிட்டதே என்று ஏமாறாதீர்கள். அது தண்ணீரின் சூடு. ஆயில் அதற்கு வெகுநேரம் கழித்துத்தான் சூடாகும்.

இப்போது உங்கள் மூன்று மைலை எடுத்துக்கொள்ளுங்கள். வழியெல்லாம் ரவுண்டானா. ஆறு லிட்டர் எஞ்சின் கண் விழிப்பதற்குள் அலுவலக வாசல் வந்துவிடும். மாலையில் மறுபடியும் அதே கதை. வருடத்துக்கு 250 நாள், நாளுக்கு இரண்டு தடவை, நான் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்த அதே பாவம். கேட்டால் தினமும் ஓட்டுகிறேன் என்பீர்கள்! தம்பி, உங்கள் காரின் பெயரிலுள்ள ஜிடி, அதாவது கிராண்ட் டூரர் என்பது இரண்டு பேரும் இரண்டு பெட்டியுமாகக் காலையில் பாரிஸில் கிளம்பி, இருட்டுவதற்குள் மத்தியதரைக் கடலைப் பார்த்துவிட வேண்டும் என்று செய்த வண்டி. அதைப் பால் வாங்க அனுப்புகிறீர்கள்.

ஆகவே, அலுவலகத்துக்குச் சைக்கிளில் போங்கள். உங்கள் ஊரில் அதற்கென்றே தனிப் பாதைகள் இருக்கின்றன. வாரத்தில் இரண்டு மாலை காரை எடுத்துக்கொண்டு ஏ5 சாலையில் வடக்கே ஏறுங்கள். ரோமானியர்கள் போட்ட பாதை, நூல் பிடித்தது போலப் போகும். டோஸ்டர் என்று ஓர் ஊர் வரும் (எழுதுவது வேறு, சொல்வது அப்படித்தான்). அங்கே தேநீர் குடித்துவிட்டுத் திரும்புங்கள். மழையாக இருந்தாலும் போங்கள், உப்புத் தூவியிருந்தாலும் போங்கள். வீட்டுக்கு வந்து அடிப்பாகத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் போதும். இந்த இரண்டு மாலை முடியாதென்றால் கார் வேண்டாம், படம் வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

முதல் நாள் மாமனாரையும் அழைத்துப் போங்கள். முன்னால் உட்கார வையுங்கள். பின்னால் இருப்பவை இருக்கைகள் போலத் தெரியும், நம்பிவிடாதீர்கள்.